பாலம் கட்டியவர் படை நடத்திய விதம்: ஜெனரல் ஜான் மோனாஷ் பற்றி வாசகர் கேள்விகள்

முதல் உலகப் போரின் கலிப்போலிப் போர்முனையில் இந்தியப் படையினர் பங்கேற்றது குறித்துச் சென்ற இதழில் விடை எழுதியபோது, அவர்களுக்கு அருகிலேயே போரிட்ட ஆஸ்திரேலியப் பிரிகேடின் (சில ஆயிரம் வீரர்களைக் கொண்ட படைப்பிரிவு) தலைவரான ஜான் மோனாஷ், பாலம் கட்டிக்கொண்டிருந்த ஒரு சிவில் பொறியாளர் என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி மேலும் அறிய விரும்பி டெல்டா மாவட்டங்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: இராணுவக் கல்லூரியின் வாசலை மிதிக்காத ஒருவர் எப்படி ஜெனரல் ஆனார்? அவர் படிப்படியாக உயர்ந்த வரலாற்றைச் சொல்ல வேண்டுகிறேன்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: மோனாஷ் 1865 ஜூன் 27 அன்று மெல்போர்னில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பிரஷ்யாவின் போசன் பகுதியிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தை கடை வைத்துப் பிழைத்தவர். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1884-இல், மாணவர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட துப்பாக்கிப் படைப் பிரிவு ஒன்றில் அவர் சேர்ந்தார். நம் கல்லூரிகளில் என்.சி.சி.யில் சேரும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் அந்தத் தொடக்கம் எத்தகையது என்பது விளங்கும். 1887-இல் துறைமுகத்தைக் காக்கும் கோட்டைப் பீரங்கிப் படையில் லெப்டினன்ட் ஆனார். பகலில் பாலம், ரயில் பாதை, துறைமுகம் என்று வேலை. மாலையிலும் விடுமுறை நாள்களிலும் பீரங்கிப் பயிற்சி. இப்படியே ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிந்தன.

அன்றைய ஆஸ்திரேலியாவில் நிரந்தர இராணுவம் என்பது மிகச் சிறியது. 1903-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டமே நாட்டின் காவலைப் பெரும்பாலும் பகுதிநேரக் குடிமக்கள் படையின் பொறுப்பில் விட்டிருந்தது. ஆகவே கடைக்காரரும் வழக்கறிஞரும் பொறியாளரும் அதிகாரிகளாக இருந்ததில் அங்கே யாருக்கும் வியப்பில்லை. ஆனால் உயர்வு எளிதில் வரவில்லை. 1895-இல் கேப்டனாகவும் 1897-இல் மேஜராகவும் ஆன மோனாஷ், அதன் பிறகு 11 ஆண்டுகள் மேஜராகவே இருந்தார். 1908-இல் லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்து உளவுப் படையின் விக்டோரியப் பிரிவை ஏற்றபோது, நிலப்படம் தயாரிப்பதும் படிப்பதும் அவருடைய அன்றாட வேலையாயின. 1913-இல் கர்னல் பதவியோடு ஒரு காலாட்படைப் பிரிகேட் கைக்கு வந்தது.

1914-இல் போர் மூண்டபோது அவருக்கு வயது 49. முதலில் தணிக்கை அதிகாரியாகச் சில வாரங்கள் பணியாற்றிய பின் 4-ஆவது பிரிகேடின் தலைமையை ஏற்றார். 1915-இல் கலிப்போலியில் பிரிகேடியர் ஜெனரல். 1916-இல் புதிதாக அமைந்த 3-ஆவது டிவிஷனின் (சில பிரிகேடுகள் சேர்ந்த பெரும் பிரிவு) தலைவராக மேஜர் ஜெனரல். 1918 ஜூன் முதல் 5 டிவிஷன்கள் அடங்கிய ஆஸ்திரேலியக் கோர் முழுவதற்கும் தலைவராக லெப்டினன்ட் ஜெனரல். அடைமொழி எதுவும் இல்லாத முழு ஜெனரல் பதவியோ போர் முடிந்து 11 ஆண்டுகள் கழித்து, 1929 நவம்பர் 11 அன்றுதான் அவருக்கு வழங்கப்பட்டது.

கல்லூரி இல்லை என்பதற்காக அவர் படிக்கவில்லை என்று கொள்ள வேண்டாம். கலை, பொறியியல், சட்டம் ஆகிய மூன்றிலும் பட்டம் பெற்றவர் அவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் 1864-ஆம் ஆண்டுப் படையெடுப்பு ஒன்றை ஆராய்ந்து இராணுவ இதழில் கட்டுரையும் எழுதியிருந்தார். எனினும் அவரை உருவாக்கியது தொழில்தான் என்பது என் உறுதியான கருத்து. ஒப்பந்தக்காரராக வேலை எடுப்பவர், எந்த நாளில் எத்தனை ஆள், எத்தனை மூட்டை சிமெண்ட், எந்த வண்டி எப்போது வந்து சேர வேண்டும் என்பதைக் கணக்கிடாமல் ஒரு நாளும் தூங்க முடியாது. அந்தக் கணக்கு மனத்தோடுதான் அவர் போர்க்களத்துக்குப் போனார்.

கேள்வி: 93 நிமிடத்தில் முடிந்த போர் என்று ஹாமெல் போரைப் பற்றி எங்கோ படித்தேன். அது உண்மையா? அதில் அவர் அப்படி என்ன செய்துவிட்டார்?
(விவசாயி ஒருவர், மன்னார்குடி வட்டம்)

பதில்: உண்மைதான். 1918 ஜூலை 4 அன்று, பிரான்சில் சோம் ஆற்றுக்கு அருகே உள்ள ஹாமெல் என்ற சிற்றூரையும் அதை ஒட்டிய மேட்டையும் பிடிப்பதற்கு மோனாஷ் 90 நிமிடம் ஆகும் என்று கணக்கிட்டிருந்தார். விடியலுக்கு முன் 3.10 மணிக்குத் தொடங்கிய தாக்குதல் 93 நிமிடத்தில் முடிந்தது. மூன்றே நிமிடப் பிசகு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் தந்தையின் நோட்டுப்புத்தகம் நினைவுக்கு வருகிறது.

என் தந்தை வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு வாய்க்கால் தலைப்பில் லஸ்கராக வேலை பார்த்தவர். முறைப்பாசன நாள்களில் எந்த நேரத்தில் ஷட்டரை எத்தனை சுற்று ஏற்றினார், அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டது, அந்தத் தண்ணீர் எந்த ஊர் மதகை எப்போது எட்ட வேண்டும் என்பதையெல்லாம் காப்பியிங் பென்சிலால் அதில் எழுதி வைத்திருப்பார். மேலே உள்ளவர் அரை மணி நேரம் தாமதித்தால் கடைமடைக்காரன் ஓர் இரவு முழுவதும் மண்வெட்டியோடு வரப்பில் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தாமும் ஒரு கடைமடை ஊரில் பிறந்தவர் என்பதாலேயே அந்தக் கணக்கில் அவ்வளவு கறாராக இருந்தார்.

மோனாஷின் திட்டமும் அத்தகையதே. அதுவரை அந்தப் போர்முனையில் வழக்கமாக இருந்தது என்ன? பீரங்கிகள் நாள்கணக்கில் முழங்கும். பிறகு காலாட்படை எழுந்து, இயந்திரத் துப்பாக்கிகளின் முன்னால் நடந்து சென்று மடியும். காலாட்படை வீரனின் வேலை தன் உடலைக் கொடுத்து இடத்தைப் பிடிப்பதன்று, பீரங்கி, டாங்கி, விமானம், இயந்திரத் துப்பாக்கி ஆகிய எல்லாவற்றின் பாதுகாப்போடும் முன்னேறிச் சென்று பிடித்த இடத்தில் நிலைகொள்வதே என்று மோனாஷ் கருதினார். ஹாமெலில் இந்த நான்கையும் ஒரே நேர அட்டவணையில் கோத்தார். வீரர்களுக்கு முன்னால் பீரங்கிக் குண்டுகள் ஒரு திரைபோல் விழ, அந்தத் திரை ஏறத்தாழ 3 நிமிடத்துக்கு 100 கஜம் என்ற வேகத்தில் நகர, அதை ஒட்டியே 60 டாங்கிகளும் காலாட்படையும் நடந்தன. மேளக் கச்சேரியில் தவில்காரர் எந்த இடத்தில் கோலை எடுக்க வேண்டும் என்பது நாதஸ்வரக்காரருக்கும் தெரிந்திருப்பதைப் போல, ஒவ்வொரு பிரிவுக்கும் மற்றப் பிரிவின் வேலை தெரிந்திருந்தது. பியானோ வாசிக்கத் தெரிந்த மோனாஷ் தாமே பிற்காலத்தில் போர்த் திட்டத்தை இசைக்குழுவுக்கு எழுதப்படும் இசைக்குறிப்போடு ஒப்பிட்டார்.

சிறு சிறு ஏற்பாடுகளில்தான் அவருடைய கைவண்ணம் தெரிகிறது. ஆஸ்திரேலிய வீரர்களுக்கு டாங்கிகளின் மேல் நம்பிக்கை இல்லை. 1917 ஏப்ரலில் புல்கூர் என்ற இடத்தில் டாங்கிகள் பழுதாகி நின்றுவிட, அவற்றை நம்பிப் போனவர்கள் கொத்துக்கொத்தாக மாண்டிருந்தனர். அதனால் மோனாஷ் தம் வீரர்களைக் கூட்டம் கூட்டமாகப் பின்னணிக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பி, டாங்கிகளின் மேல் ஏறி உலா வரவும், அவற்றை ஓட்டுபவர்களோடு பேசிப் பழகவும், எந்தத் தடையை அவற்றால் நசுக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்க்கவும் வைத்தார். தாக்குதலுக்கு முந்தைய நாள்களில் விடியற்காலையில் எதிரியின் மீது புகைக் குண்டையும் நச்சுவாயுக் குண்டையும் கலந்து வீசச் செய்தார். ஜெர்மானியர்கள் புகையைக் கண்டவுடன் முகமூடி அணியப் பழகிக்கொண்டனர். ஜூலை 4 அன்று வீசப்பட்டதோ வெறும் புகை மட்டுமே. முகமூடிக்குள் மூச்சுத் திணறியபடி அவர்கள் இருக்க, ஆஸ்திரேலியர்கள் முகமூடி இல்லாமல் வந்து சேர்ந்தனர். டாங்கிகளின் இரைச்சலை மறைப்பதற்காக மேலே விமானங்கள் பறந்தன. முன்னேறிய வீரர்களுக்கான தோட்டாக்களில் ஒரு பகுதி விமானத்திலிருந்து பாராசூட் மூலம் போடப்பட்டது. முள்கம்பி, தண்ணீர், வெடிபொருள் ஆகியவற்றை 4 சுமை டாங்கிகள் கொண்டுவந்து இறக்கின. அந்தச் சுமையைத் தூக்க முன்பெல்லாம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆள்கள் குண்டு மழையில் நடக்க வேண்டியிருந்தது.

கடைசி ஆலோசனைக் கூட்டத்தில் 133 பொருள்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசி முடிக்கப்பட்டன. கூட்டத்தில் யாரும் ஐயத்தைக் கேட்கலாம், மறுக்கலாம். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு திட்டத்தில் ஒரு புள்ளியும் மாறக்கூடாது என்பது மோனாஷின் விதி. அந்த விதிக்கே கடைசி நேரத்தில் சோதனை வந்தது. அமெரிக்க வீரர்களின் 10 கம்பெனிகள் தாக்குதலில் சேர்வதாக இருந்தது. அவர்களைக் கருத்தில்கொண்டே அமெரிக்காவின் விடுதலை நாள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் மறுக்கவே, முதலில் 6 கம்பெனிகள் திரும்ப அழைக்கப்பட்டன. எஞ்சிய நான்கையும் அனுப்பிவிட வேண்டும் என்ற உத்தரவு தாக்குதலுக்கு முந்தைய மாலையில் வந்தது. இனி அவர்களை விலக்கினால் தாக்குதலையே கைவிட வேண்டியிருக்கும் என்று மோனாஷ் தம் மேலதிகாரியிடம் உறுதியாகச் சொன்னார். பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹெய்க் வரை விஷயம் போய், மோனாஷின் சொல்லே நின்றது.

நேச நாட்டுப் படையில் ஏறத்தாழ 1400 பேர் மாண்டும் காயமுற்றும் போயினர். அந்தக் காலத்துக் கணக்கில் இது குறைவு என்று வரலாற்று நூல்கள் சொல்லும். அவ்வளவு பேரின் வீட்டுக்கும் தந்தி போனது என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் கீழணையைக் கட்டிய ஆர்தர் காட்டனும் ஜெனரல்தானே? மோனாஷும் அவரும் ஒரே வகையினரா?
(அரசு ஊழியர் ஒருவர், அணைக்கரை)

பதில்: நல்ல கேள்வி. இருவரும் ஒரே பாதையில் எதிரெதிர்த் திசைகளில் நடந்தவர்கள் என்பேன். காட்டன் தொழில்முறைப் படை அதிகாரி. இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1821-இல் சென்னைக்கு வந்தவர். போருக்கென்று பயிற்சி பெற்ற அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நீருக்கே கொடுத்தார். கொள்ளிடம் காவிரியின் தண்ணீரை இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சை வயல்கள் காய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1836-இல் முக்கொம்பில் மேலணையும் உங்கள் ஊரில் கீழணையும் அவருடைய முயற்சியால் எழுந்தன. ஆழமான மணலின் மேல் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்தே கற்றுக்கொண்டதாக அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார் என்பதற்காகவே அவரை நான் மதிக்கிறேன். பிறகு கோதாவரிக்குச் சென்று தவளேசுவரம் அணையைக் கட்டினார். பணி மூப்பில் ஜெனரல் ஆனார், 1899-இல் மறைந்தார்.

படைவீரராகத் தொடங்கிக் குடிமக்களுக்கான வேலையைச் செய்தவர் காட்டன் என்றால், குடிமகனாகத் தொடங்கிப் படைவீரரின் வேலையைச் செய்தவர் மோனாஷ். காட்டன் மறைந்த அதே 1899-இல்தான் மெல்போர்னில் யாரா ஆற்றின் குறுக்கே மோனாஷும் அவருடைய கூட்டாளி ஆண்டர்சனும் கட்டிய கம்பி பொதிந்த கான்கிரீட் பாலம் முடிந்தது. நாம் இன்று ஆர்.சி.சி. என்று எளிதாகச் சொல்லும் முறை அப்போது அங்கே புத்தம் புதியது. புதியதைக் கையாள்பவருக்கு வரும் ஆபத்தும் அவருக்கு வந்தது: 1901-இல் பெண்டிகோ நகரில் கட்டிய பாலம் ஒன்று பாரச் சோதனையின்போதே இடிந்து ஒருவர் உயிரிழந்தார். சாய்வாக அமைந்த வளைவில் பாரம் எப்படிப் பரவும் என்பது அக்காலப் பொறியியலுக்கே தெளிவாகத் தெரியாதிருந்தது. மோனாஷின் நிறுவனம் அதைத் தன் செலவில் மறுபடி கட்டிக் கொடுத்தது.

கேள்வி: நான் 17 ஆண்டுகள் இராணுவத்தில் இருந்தவன். தாளில் எழுதிய திட்டம் முதல் குண்டு வெடித்தவுடன் பறந்துவிடும் என்பது எங்கள் அனுபவம். கலிப்போலியில் இவருடைய வீரர்கள் வழி தவறி மாண்டார்கள் என்றும், பாஷன்டேலில் ஆயிரக்கணக்கில் இழந்தார் என்றும் கேள்விப்படுகிறேன். அப்படியிருக்க இவரைப் புகழ்வது நியாயமா?
(முன்னாள் ஹவில்தார் ஒருவர், திருத்துறைப்பூண்டி)

பதில்: ஐயா, நீங்கள் கேள்விப்பட்டது சரி. களத்தில் நின்ற உங்களுக்கு நான் பூசி மெழுகி விடை சொல்லக் கூடாது.

1915 ஏப்ரல் 26 அன்று கலிப்போலியில் கரையேறிய 4-ஆவது பிரிகேட், மே 2 இரவில் ஒரு குன்றைத் தாக்கிப் பெருத்த இழப்போடு திரும்பியது. ஆகஸ்ட் 6 இரவில் தொடங்கிய பெருந்தாக்குதலில், ஜெனரல் காக்ஸின் தலைமையில் சென்ற இடது அணியில் மோனாஷின் பிரிகேடும், சீக்கியரும் கூர்க்கர்களும் அடங்கிய 29-ஆவது இந்தியப் பிரிகேடும் ஒன்றாக இருந்தன. நிலப்படம் தவறு, வழிகாட்டல் தவறு, இருட்டில் ஒரே மாதிரித் தோன்றும் பள்ளத்தாக்குகள், மாதக்கணக்கான வயிற்றுப்போக்கில் நலிந்த வீரர்கள். 971 என்று எண்ணிட்ட குன்றை அவர்களால் எட்ட முடியவே இல்லை. திட்டம் மேலிடத்தில் வகுக்கப்பட்டது என்பது உண்மை; ஆனாலும் அந்த இரவில் மோனாஷ் தம் பிரிகேடைத் திறமையாக நடத்தவில்லை என்று குறை கூறும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறையை முற்றிலும் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

பெல்ஜியத்தில் உள்ள பாஷன்டேலில் நடந்தது வேறு. 1917 ஜூனில் மெசீனிலும் அக்டோபர் 4 அன்று புரூட்சைண்டேயிலும் 3-ஆவது டிவிஷன் வெற்றி பெற்றிருந்தது. உடனே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி அடைமழையில், உழுது நீர் கட்டிய களிமண் வயலில் இறங்கி நடந்தவர்களுக்கு அந்தச் சேற்றைப் பற்றி நான் விவரிக்கத் தேவையில்லை. முழங்கால் வரை இறங்கிய காலை எடுக்கவே ஒரு நிமிடம் ஆகும். அப்படிப்பட்ட நிலத்தைப் பீரங்கிக் குண்டுகளும் கிளறிப் போட்டிருந்தன. பீரங்கிகளை முன்னே நகர்த்த முடியவில்லை. நகர்த்தியவையும் ஒவ்வொரு சுடுதலுக்கும் மண்ணில் புதைந்தன. 24 மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள் என்று மோனாஷ் கேட்டார். மறுக்கப்பட்டது. அக்டோபர் 12 அன்று நடந்த தாக்குதலில் அவருடைய டிவிஷன் ஒரே நாளில் 3000-க்கும் மேற்பட்டவரை இழந்து, புறப்பட்ட இடத்துக்கே ஏறத்தாழத் திரும்பியது.

அவரை நான் மதிப்பது இந்தத் தோல்விகளை மறந்துவிட்டு அன்று. ஹாமெலில் அவர் கேட்டு வாங்கியது எதுவென்று பாருங்கள்: போதிய பீரங்கி, ஆயத்தத்துக்குப் போதிய நாள், எட்டக்கூடிய தொலைவில் மட்டுமே இலக்கு. பாஷன்டேலில் மறுக்கப்பட்டவை இவையே. பெண்டிகோ பாலம் இடிந்த பிறகு வளைவின் பாரத்தைத் திரும்பக் கணக்கிட்ட அதே மனிதரைத்தான் இங்கும் காண்கிறேன். ஹாமெலுக்கு ஐந்து வாரம் கழித்து, 1918 ஆகஸ்ட் 8 அன்று, அமியான் நகருக்குக் கிழக்கே அதே முறை பல மடங்கு பெரிய அளவில் ஆஸ்திரேலிய, கனடியப் படைகளால் கையாளப்பட்டபோது, ஜெர்மானியத் தளபதி லூடன்டார்ஃப் அதைத் தம் படையின் கறுப்பு நாள் என்றே குறித்தார். நான்கு நாள் கழித்துப் பெர்டாங்கிள் என்ற ஊரின் மாளிகை முற்றத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மோனாஷுக்கு வீரப்பட்டம் சூட்டினார்.

இன்னொன்றையும் நீங்கள் மதிப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆள் பற்றாக்குறையால் 1918 செப்டம்பரில் சில பட்டாலியன்களைக் கலைக்க உத்தரவு வந்தபோது, வீரர்கள் தங்கள் பட்டாலியனின் பெயரை விட்டுக்கொடுக்க மறுத்து அணிவகுப்பிலேயே அசையாமல் நின்றனர். இராணுவச் சட்டப்படி அது கலகம். மோனாஷ் யாரையும் தண்டிக்காமல், அடுத்த போரைப் பழைய பெயரிலேயே நடத்த இடம் கொடுத்தார். அதே வேளையில், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் களைத்துப்போன டிவிஷன்களை அவர் அளவுக்கு மீறி ஓட்டினார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது.

கேள்வி: யூதர் என்பதாலும் ஜெர்மானியப் பின்னணி கொண்டவர் என்பதாலும் அவரை ஒதுக்கப் பார்த்தார்களா?
(கல்லூரி மாணவி ஒருவர், மயிலாடுதுறை)

பதில்: ஆம். அவர் கோர் தலைவராக அறிவிக்கப்பட்ட பிறகும், போர்ச் செய்தியாளர்களான சார்லஸ் பீனும் கீத் மர்டாக்கும், அவருக்குப் பதிலாகத் தொழில்முறை அதிகாரியான பிரட்னெல் வைட்டை அமர்த்த வேண்டுமென்று பிரதமர் ஹியூஸிடம் வாதாடினர். ஹியூஸ் ஹாமெல் போருக்குச் சற்று முன் நேரில் வந்து டிவிஷன் தளபதிகளைக் கேட்டபோது, அவர்கள் மோனாஷின் பக்கமே நின்றனர். வைட்டும் இந்த முயற்சிக்கு உடன்படவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை. பிற்காலத்தில் பீன் தம் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார். தம் ஜெர்மானியப் பின்னணியைப் பற்றி மெல்போர்னில் உலவிய வதந்திகளுக்கு நடுவே, பெற்றோரின் தாய்மொழியையே எதிரியின் மொழியாகக் கேட்க நேர்ந்த ஒருவர் நான்கு ஆண்டுகள் தம் வேலையில் மட்டும் கண்ணாக இருந்தார் என்பதை, மகளே, நீ ஆய்வுக்கட்டுரை எழுதினால் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

கேள்வி: இவரைப் போலப் பகுதிநேர வீரராக இருந்து தளபதியானவர் வேறு யார்? நம் நாட்டில் வேலையில் இருப்பவர் இராணுவத்தில் சேர வழி உண்டா?
(கூட்டுறவுச் சங்கப் பணியாளர் ஒருவர், நீடாமங்கலம்)

பதில்: அமியானில் மோனாஷுக்குப் பக்கத்தில் போரிட்ட கனடியக் கோரின் தலைவர் ஆர்தர் கரியும் அப்படிப்பட்டவரே, ஆசிரியராக இருந்து, பின் காப்பீடும் நில விற்பனையும் செய்துகொண்டே பகுதிநேரப் பீரங்கிப் படையில் உயர்ந்தவர். நம் நாட்டில் இதற்கென்றே பிராந்திய இராணுவம் இருக்கிறது. 1948-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி அதைத் தொடங்கி வைத்தார். அதிகாரியாக விண்ணப்பிக்க 18 முதல் 42 வயதுக்குள் இருக்க வேண்டும். பட்டதாரியாக இருக்க வேண்டும். முக்கியமாக, சொந்தத் தொழிலோ வேலையோ இருக்க வேண்டும். வேலை இல்லாதவருக்கு அது வேலை தரும் இடம் அன்று.

கேள்வி: போருக்குப் பிறகு அவர் என்ன செய்தார்?
(மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற ஒருவர், பாபநாசம்)

பதில்: போர் நின்றவுடன் அவருக்குக் கிடைத்த வேலை, ஐரோப்பாவில் இருந்த ஏறத்தாழ 1.6 லட்சம் ஆஸ்திரேலியர்களை ஊருக்கு அனுப்பி வைப்பது. கப்பல் கிடைப்பதே அரிது. முதலில் வந்தவர் முதலில் போகட்டும் என்று முறை வைத்து, காத்திருப்பவர்கள் தொழிலோ பாடமோ கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்து, பெரும்பகுதி வேலையை 1919-இலேயே முடித்தார். தாம் ஊர் திரும்பியது அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று.

அதன் பிறகு அவர் ஏற்ற பொறுப்பு உங்கள் துறையைச் சேர்ந்தது. விக்டோரிய மாநில மின்சார ஆணையத்தின் தலைவராக, லாட்ரோப் பள்ளத்தாக்கின் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பணியை நடத்தினார். கொள்ளிடத்துக்கு வடக்கே நெய்வேலியில் நாம் தோண்டுகிறோமே, அதே இனத்துக் கரிதான்; ஆனால் லாட்ரோப் கரியின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். வெட்டியெடுத்த கரி எதிர்பார்த்ததைவிட ஈரமாக இருந்தபோது கொதிகலன்களை அதற்கேற்ப மாற்ற வேண்டி வந்தது. 1924-இல் யாலோர்ன் நிலையத்தின் மின்சாரம் மெல்போர்னை எட்டியது. வேறு மாநிலத்துக் கரிக்கும் அங்குள்ள வேலைநிறுத்தங்களுக்கும் கட்டுப்பட்டிருந்த நகரம் தன் காலில் நின்றது. புதுடெல்லித் தலைநகரத் திறப்பு விழாவுக்கு 1931 தொடக்கத்தில் ஆஸ்திரேலிய அரசின் சார்பில் அவர் இந்தியாவுக்கும் வந்தார். அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று மாரடைப்பால் இறந்தார். இறுதி ஊர்வலத்தைக் காண லட்சக்கணக்கானோர் மெல்போர்ன் தெருக்களில் நின்றனர்.

கேள்வி: என் மகன் மெல்போர்னில் வேலையில் இருக்கிறான். அடுத்த மாதம் அவனிடம் போகிறேன். மோனாஷின் நினைவாக அங்கே பார்க்க வேண்டியது எது?
(இல்லத்தரசி ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: அம்மா, அவருடைய பெயரில் பல்கலைக்கழகம் இருக்கிறது, குதிரை மேல் அமர்ந்த சிலை இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் 100 டாலர் நோட்டிலும் அவர் முகம் இருக்கிறது. பிரைட்டன் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவருடைய நடுகல்லில், அவர் விரும்பியபடியே, பட்டமோ பதவியோ இல்லாமல் ஜான் மோனாஷ் என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் உண்டென்றால், தாவரவியல் பூங்காவுக்கு அருகே யாரா ஆற்றின் மேல் உள்ள மோரெல் பாலத்துக்கு உங்கள் மகன் அழைத்துச் செல்லட்டும். முன் பதிலில் 1899-இல் முடிந்ததாகச் சொன்ன பாலம் அதுதான். மூன்று வளைவுகள் கொண்டது. ஆற்றை நேர்ப்படுத்தும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்ததால், பாலத்தை முதலில் உலர்ந்த நிலத்தில் கட்டிவிட்டு, ஆற்றை அதன் கீழே பிறகு திருப்பிவிட்டார்கள். இப்போது அதில் கார்கள் போவதில்லை. நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் மட்டுமே. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெதுவாக நடந்து கடக்கலாம். மாலை நேரமானால் அதன் பழைய பாணி விளக்குத் தூண்களும் எரியும்.